‘ஐந்து முறை படித்தால் பதியும்’ என்று எழுதியது பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு நினைவாற்றல் யோசனைகள் என்று ஒரு கட்டுரை வந்தது. பாடத்தை ஐந்து முறை படி, முக்கியமான வரிகளை வண்ணப் பேனாவால் தீட்டு, தூங்கப் போகும்முன் ஒருமுறை கண்ணை ஓட்டு, தானாகப் பதிந்துவிடும் என்று அதில் இருந்தது. இரண்டு நாள் கழித்து அதற்கு மறுப்பாக ஒரு வாசகர் கடிதம்: மனப்பாடமே ஒரு நோய், திரும்பத் திரும்பச் செய்வதால் ஒன்றும் வராது, புரிந்து படித்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று. இரண்டையும் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நினைவு என்பது ஒரே சரக்கு என்று வைத்துக்கொண்டுதான் இருவரும் சண்டை போடுகிறார்கள். அது ஒன்றல்ல என்று ஆய்வுக்கூடத்தில் காட்டி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். காலையில் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன், மாலையில் அதே கூடத்தில் மெஷின்களை ஓரம் தள்ளிவிட்டு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். காலையில் வருகிறவர்களிடம் “யோசிக்காதே, அடி” என்று சொல்வதும் மாலையில் வருகிறவர்களிடம் “அடிக்காதே, யோசி” என்று சொல்வதும்தான் என் பிழைப்பு. ஒரே ஆள் இரண்டையும் சொல்வது முரண் மாதிரித் தெரியும். முரண் இல்லை என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்ல வருகிறேன்.

முதலில் மாலை வகுப்பை எடுத்துக்கொள்வோம். சவ்வூடு பரவல் பாடம், அதாவது மெல்லிய சவ்வு வழியாகச் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் போவது. ஒரு பையனின் கைடைப் பார்த்தால் பக்கம் முழுக்க மஞ்சள், தீட்டாத வரிதான் முக்கியமோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு. புத்தகத்தை மூடச் சொல்லி விளக்கம் கேட்டால் கூரை உத்தரத்தைப் பார்க்கிறான். “தெரியும் சார், நாக்கு நுனியில் நிக்குது” என்கிறான். சரி என்று நானே “செறிவு குறைந்த...” என்று எடுத்துக்கொடுத்தால் போதும், மீதி இரண்டு வரியும் கமா மாறாமல் கொட்டுகிறது. ஆனால் ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்பு போட்டு வைத்தால் மறுநாள் துண்டு சுருங்கி ஜாடியில் தண்ணீர் நிற்கிறதே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அது பாடத்தில் இல்லை என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரிந்த மாதிரி இருக்கிறது. அந்த ‘மாதிரி’ எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் உங்கள் கட்டுரை பார்க்காமல் விட்டுவிட்டது.

1972-இல் டொராண்டோவில் ஃபெர்கஸ் கிரெய்க், ராபர்ட் லாக்ஹார்ட் என்ற உளவியலாளர்கள் இருவர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒன்று நினைவில் நிற்பது அதை எத்தனை தரம் பார்த்தோம் என்பதை விட, பார்க்கும்போது மனம் அதை என்ன செய்தது என்பதைப் பொறுத்தது. எழுத்தின் உருவத்தை மட்டும் பார்த்தால் மேலோட்டம். ஓசையைக் கவனித்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே. பொருளை யோசித்தால் ஆழம். 1975-இல் கிரெய்க்கும் எண்டல் டல்விங்கும் இதை வரிசையாகச் சோதித்தார்கள். ஒரு சொல்லைக் கண நேரம் காட்டி, இது பெரிய எழுத்தில் இருந்ததா, இன்ன சொல்லோடு எதுகை சேருமா, இந்த வாக்கியத்தில் பொருந்துமா என்று ஏதாவது ஒரு கேள்வி. பிறகு எதிர்பாராமல் ஒரு தேர்வு. வாக்கியத்தில் பொருத்திப் பார்த்த சொற்கள் எழுத்தைப் பார்த்த சொற்களைவிடப் பல மடங்கு நினைவில் நின்றன. இதற்கு முன்பே 1969-இல் ஹைட், ஜென்கின்ஸ் என்ற இருவர் இன்னொன்றைக் காட்டியிருந்தார்கள்: சொல் இனிமையானதா இல்லையா என்று மட்டும் சொல்லச் சொன்னவர்கள், தேர்வு வரும் என்றே தெரியாதவர்கள், வேண்டுமென்றே நினைவில் வைக்க முயன்றவர்கள் அளவுக்கே நினைவுகூர்ந்தார்கள். “மனசு வெச்சுப் படிடா” என்று பிள்ளைகளைத் துரத்துகிற பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். மனசு வைப்பதோடு வேலை முடியவில்லை, வைத்த மனசு என்ன செய்கிறது என்பது இருக்கிறது. இம்போசிஷன் ஐம்பது தடவை எழுதுகிற பிள்ளை, நாங்கள் எல்லாரும் எழுதியிருக்கிறோம், முதலில் ஒரு சொல்லை மட்டும் பக்கம் நெடுக மேலிருந்து கீழே எழுதிவிட்டு அப்புறம் அடுத்த சொல்லை எழுதும். அந்த வாக்கியத்தில் பொருள் என்று ஒன்று இருந்ததே அதற்குத் தெரியாது.

‘ஆழம்’ என்பதை எந்த அளவுகோலால் அளப்பது, நன்றாக நினைவில் நின்றால் ஆழம், ஆழமாக இருந்தால் நினைவில் நிற்கும் என்று வட்டமடிக்கிற வாதமல்லவா இது என்று அப்போதே ஆலன் பேட்லி போன்ற உளவியலாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதைவிடப் பெரிய இடி வேறு பக்கத்திலிருந்து வந்தது.

1981-இல் லாரி ஜேக்கபியும் மார்க் டாலஸும் இதே மாதிரி மூன்று வகைக் கேள்விகளோடு சொற்களைக் காட்டினார்கள். பிறகு பாதிப் பேரிடம், இந்தச் சொல் முன்பு வந்ததா என்று கேட்டார்கள். எதிர்பார்த்தபடியே பொருளை யோசித்துப் பார்த்த சொற்கள் முன்னால் நின்றன. மீதிப் பேருக்கு வேறு வேலை. சொற்கள் திரையில் மின்னி மறையும், என்ன சொல் என்று வாசிக்க முடிகிறதா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முன்பு பார்த்த சொற்களைப் புதிய சொற்களைவிட எளிதாக வாசித்தார்கள், அதாவது ஏதோ ஒரு நினைவு உள்ளே இருக்கிறது. ஆனால் இங்கே ஆழம் எந்த வித்தியாசமும் செய்யவில்லை. எழுத்தை மட்டும் பார்த்த சொல்லுக்கும் பொருளைப் பார்த்த சொல்லுக்கும் அதே லாபம்.

அடுத்த வருஷம் கலிபோர்னியாவில் கிராஃப், மாண்ட்லர், ஹேடன் மூவரும் சயின்ஸ் இதழில் எழுதியது இன்னும் சுவாரசியம். ஒரு குழு சொற்களைப் பார்த்து அது பிடிக்கிறதா என்று மதிப்பிட்டது. இன்னொரு குழு அதில் உள்ள உயிரெழுத்துகளை மட்டும் ஒப்பிட்டது. உயிரெழுத்து பார்த்தவர்களிடம் என்னென்ன சொற்கள் வந்தன என்று கேட்டால் கிட்டத்தட்ட கைவிரிப்பு. ஆனால் சொல்லின் முதல் மூன்று எழுத்தைக் கொடுத்து, முதலில் மனதுக்கு வருவதைச் சொல்லி முடி என்றால், அதே மறந்துபோன சொற்களை மற்றவர்களுக்குச் சமமாக எடுத்துக்கொடுத்தார்கள். தமிழில் நினைத்துப் பாருங்கள், ‘மரகதம்’ என்று பார்த்துவிட்டுச் சுத்தமாக மறந்துபோன ஒருவரிடம் ‘மர’ என்று கொடுத்தால், மரம், மரவட்டை, மரகதம் என்று எத்தனையோ இருக்க, வாயில் வருவது மரகதமாக இருக்கிறது. பார்த்த ஞாபகம் இல்லை, பார்த்த தடம் மட்டும் இருக்கிறது.

1985-இல் கிராஃபும் டேனியல் ஷாக்டரும் இரண்டுக்கும் பெயர் வைத்தார்கள். நாமே தேடி, இது அன்றைக்குப் படித்தது என்று தெரிந்து எடுப்பது வெளிப்படை நினைவு. தேடாமலே, தெரியாமலே கையிலும் கண்ணிலும் வேலை செய்வது உள்ளுறை நினைவு. இதில் முதலாவதற்குத்தான் ஆழம் சோறு போடுகிறது. இரண்டாவதற்கு, முக்கியமாக அது பார்வையையும் வடிவத்தையும் சார்ந்ததாக இருக்கும்போது, ஆழம் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. பின்னால் பலருடைய முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அங்கேயும் ஆழத்தின் சின்னச் சாயல் தெரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வெளிப்படை நினைவில் தெரிகிற வித்தியாசத்துக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை.

இதெல்லாம் ஆய்வுக்கூட வேடிக்கை என்று நினைப்பவர்களுக்காக நோயாளிகளின் கதை. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், வலிப்பைக் கட்டுப்படுத்த மூளையின் இரு பக்கமும், புதிய நினைவுகள் உருவாகத் தேவையான ஹிப்போகாம்பஸ் பகுதியை அகற்றினார்கள். அதன்பிறகு 2008-இல் இறக்கும்வரை அவரால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை என்றே சொல்லலாம். சந்தித்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தவரிடம் மறுபடி முதலிலிருந்து அறிமுகம். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார். சும்மா செய்து பாருங்கள், கை எதிர்ப்பக்கம் இழுக்கும். மூன்று நாள் பயிற்சியில் ஹென்றி அதில் தேறிவிட்டார். இதற்குமுன் இதைச் செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. கை கற்றுக்கொண்டது, ஆள் கற்றுக்கொள்ளவில்லை. அப்புறம் 1984-இல் கிராஃப், ஸ்குவையர், மாண்ட்லர் மூவரும் மறதி நோயாளிகளுக்கு அதே மூன்றெழுத்துத் துண்டுகளைக் கொடுத்தார்கள். முன்பு பார்த்த சொல்லை ஞாபகப்படுத்தி முடி என்று சொன்னால் நோயாளிகள் பின்தங்கினார்கள். மனதுக்கு முதலில் வருவதைச் சொல் என்று சொன்னால் எல்லாரும் சமம். தாள் அதே தாள், கேட்ட விதம் மட்டும் வேறு.

இப்போது என் டியூஷன் பையனுக்கு வருகிறேன். எடுத்துக்கொடுத்தால் கொட்டுவது, கேட்டால் வராதது. ஆய்வில் சொல்வதும் இவன் செய்வதும் அச்சு அசல் ஒன்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் நெருங்கிய சொந்தம். ஐந்து முறை படிக்கும்போது பக்கம் கண்ணுக்குப் பழகுகிறது, வாசிப்பு வழுக்கிக்கொண்டு போகிறது, அந்த வழுக்கலை அவன் ‘தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறான். அந்தச் சுகம் மேலோட்டமாகப் படித்தாலும் கிடைக்கும், அதுதான் சிக்கல். தேர்வுக் கூடத்தில் கைடு இருக்காது. நீட் மாதிரித் தேர்வில் இன்னும் மோசம், நான்கு விடைகளில் எது கண்ணுக்குப் பழகியதோ அதன்மேல் கை போகும், தப்பானால் ஒரு மதிப்பெண் கழியும்.

2006-இல் ரோடிகரும் கார்பிக்கியும் இதை நேரடியாகவே பார்த்தார்கள். மாணவர்கள் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பத்தியை ஒருமுறை படித்துவிட்டு, அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தால் திரும்பப் படித்ததில் 81 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 75. உங்கள் கட்டுரையாளர் இந்த ஐந்து நிமிடத்தோடு நின்றுவிட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் திரும்பப் படித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56.

திரும்பத் திரும்பக் கேட்டால் பதிந்துவிடும் என்பதற்கு மறுப்பாக எனக்கு மிகவும் பிடித்த சான்று பிரிட்டனிலிருந்து. 1978 நவம்பரில் பிபிசி தன் வானொலி அலைவரிசைகளை மாற்றியது. அதற்கு முன் வாரக்கணக்கில் அறிவிப்பு, பாட்டு, விளம்பரம். கேம்பிரிட்ஜில் பேட்லியும் பெக்கேரியனும் மக்களிடம் விசாரித்தபோது, சராசரியாக ஒருவர் அந்த அறிவிப்பை ஆயிரம் முறைக்கு மேல் கேட்டிருப்பார் என்று கணக்கு வந்தது. எந்தத் தேதியில் மாறுகிறது என்று பெரும்பாலோருக்குத் தெரிந்திருந்தது. எந்த எண்ணுக்கு மாறுகிறது என்றால் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. ஆயிரம் தடவை! காதில் விழுந்தது, ஆனால் யாரும் அந்த எண்ணை வைத்துக்கொண்டு மனதில் எதுவும் செய்யவில்லை.

இனி அந்த வாசகர் கடிதம் எழுதியவருக்கு. ஐயா, புரிந்து படித்தால் எல்லாம் வந்துவிடும் என்கிறீர்கள். காலையில் என் பயிலகத்துக்கு வாருங்கள். முதல் நாள் வருகிறவர்களுக்கு ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று இடது கை, ‘செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே’ என்று வலது கை, பக்கம் பக்கமாக. அதில் புரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு விசையும் எங்கே இருக்கிறது என்று யோசித்து யோசித்து அடிக்கிற பெண், நன்றாகப் படிக்கிற பெண்ணாகவே இருக்கட்டும், ஹையர் தேர்வின் வேகத்துக்கு வரவே மாட்டாள். விரல் தானாகப் போக வேண்டும், போகிற விரலை மனம் வேடிக்கைகூடப் பார்க்கக் கூடாது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொல் அடிக்கிறவர்களிடம் வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னார்கள், 2014-இல் வெளியான ஆய்வு. 26 எழுத்தில் சராசரியாக 15-ஐத்தான் சரியான இடத்தில் வைத்தார்கள். நானும் என் மாணவர்களிடம் கேட்டுப் பார்ப்பதுண்டு, மேசைமேல் விரலை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள். இங்கே திரும்பத் திரும்பச் செய்வது நோய் இல்லை, அதுதான் மருந்து.

ஆழம் என்றாலே உயர்வு, மேலோட்டம் என்றாலே தாழ்வு என்றும் இல்லை. 1977-இல் மாரிஸ், பிரான்ஸ்ஃபோர்டு, ஃபிராங்க்ஸ் மூவரும் செய்த சோதனையில், சில சொற்களை எதுகை பார்த்தும் சில சொற்களைப் பொருள் பார்த்தும் படித்தார்கள். வழக்கமான தேர்வில் பொருள் பார்த்தவை ஜெயித்தன. முன்பு வந்த சொல்லோடு எதுகை சேருவது எது என்று கேட்ட தேர்வில் எதுகை பார்த்தவை ஜெயித்தன. உள்ளுறை நினைவிலும் இதே கதைதான். எழுத்துத் துண்டைக் கொடுத்தால் ஆழம் உதவாது. அதற்குப் பதில் ஒரு வகையின் பெயரைச் சொல்லி, இதில் அடங்குவதில் மனதுக்கு முதலில் வருபவற்றைச் சொல் என்று கேட்டால், அது பொருள் வழியாகப் போகிற வேலை, அங்கே ஆழமாகப் படித்ததன் பலன் தெரிகிறது. அதனால் பிள்ளைகளிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை முறை படித்தாய் என்பதல்ல, உன்னிடம் எப்படிக் கேட்கப்போகிறார்கள் என்பதைத்தான். வாய்ப்பாடு கேட்டவுடன் வாயில் வர வேண்டும், அதை ஒப்பிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? செய்யுள் அடி பிறழாமல் எழுத வேண்டும், அதை ஓசையோடு சொல்லிச் சொல்லிப் படிக்கட்டும். உயிரியலில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ‘ஏன்’ என்று கேட்டு, மூடிய புத்தகத்துக்கு முன்னால் தன் சொல்லில் எழுதிப் பார்க்கட்டும்.

கடைசியாக, மாணவர் பக்கத்தை விட்டுவிட்டு உங்கள் பத்திரிகையைப் பற்றியே ஒன்று. வதந்திகளைச் சரிபார்க்கிற பகுதி ஒன்று நடத்துகிறீர்கள், நல்ல காரியம். ஆனால் தலைப்பில் ‘வெங்காயத்தை வெட்டி அறையில் வைத்தால் காய்ச்சல் கிருமி போய்விடும்?’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, தவறு என்பதைக் கீழே மூன்றாம் பத்தியில் சொல்கிறீர்கள். டீக்கடையில் பேப்பரைப் புரட்டுகிறவர் தலைப்போடு நிற்பார். லின் ஹாஷரும் இன்னும் இருவரும் 1977-இலேயே காட்டியது, ஒரு கூற்றைத் திரும்பக் கேட்பதாலேயே அது மேலும் உண்மையாகத் தோன்றும் என்று. 1989-இல் ஜேக்கபி குழு யாருக்கும் தெரியாத பெயர்களைப் படிக்கக் கொடுத்தது. உடனே கேட்டால், இது இப்போது படித்த பட்டியலில் வந்தது என்று ஒதுக்கிவிட்டார்கள். மறுநாள் கேட்டால் அதே பெயர்களில் சில பிரபலமானவர்களின் பெயராகத் தெரிந்தன. எங்கே பார்த்தோம் என்பது போய்விட்டது, பார்த்த பழக்கம் தங்கிவிட்டது. 2005-இல் வந்த ஓர் ஆய்வில், ‘இது தவறு’ என்று பலமுறை எச்சரிக்கப்பட்ட கூற்றுகளையே வயதானவர்கள் மூன்று நாளில் உண்மை என்று நினைவுகூரத் தொடங்கினார்கள். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் இப்படித் தலைகீழாக முடியவில்லை, மறுப்பு பெரும்பாலும் உதவவே செய்கிறது என்பதும் உண்மைதான். இருந்தாலும் உங்கள் அச்சுப் பதிப்பை விடாமல் வாங்குகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும், எங்கள் தெருவில் பாதிப் பேர் ஓய்வூதியர்கள்.

அதனால் தலைப்பிலேயே சரியானதைச் சொல்லுங்கள்: ‘வெட்டிய வெங்காயம் கிருமியை இழுக்காது’. முதல் பத்தியில் ஏன் இழுக்காது என்பதைப் போடுங்கள், கிருமி தானாக ஊர்ந்து ஒரு காயைத் தேடிப் போகிற உயிர் இல்லை என்று இரண்டு வரி போதும். ‘தவறு’ என்ற சிவப்பு முத்திரையை மட்டும் பார்த்தவருக்கு நாளைக்கு அந்த முத்திரை ஞாபகம் வராது. காரணத்தை ஒரு நிமிடம் யோசித்தவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எடுத்துச் சொல்வார். மாணவர் பக்கத்துக்கு வேறு கட்டுரை வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன், பணம் ஒன்றும் வேண்டாம். ஆனால் அதில் மஞ்சள் பேனாவுக்கு மட்டும் இடம் இருக்காது.

இப்படிக்கு,
தட்டச்சுப் பயிலகம் நடத்தும் ஒரு வாசகன்,
திருவாரூர் மாவட்டம்